வாய்ப்பாடு வருகிறது, வகுத்தல் வரவில்லை என்கிறவர்களுக்கு

இந்த வாரம் இது மூன்றாவது நோட்டு. 612 ÷ 6 = 12 என்று ஒரு பையன் எழுதியிருந்தான். "12-ஐ 6-ஆல் பெருக்கிப் பாருப்பா" என்றேன். 72 என்று சட்டெனச் சொன்னான். ஆனால் 612 எங்கே, 72 எங்கே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கூட வந்த அம்மா சொன்னார்: "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிப்பான் சார். வகுத்தல்தான் வரமாட்டேங்குது."

குடியாத்தம் பக்கத்தில் 20 வருடமாக இதையே கேட்கிறேன். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் "56-ல் எத்தனை ஏழு?" என்று கேளுங்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்கு வாய்ப்பாடு பாட்டாகத்தான் தெரியும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லும்போதே 56 ÷ 7 = 8, 56 ÷ 8 = 7 இரண்டையும் சொல்லிவிட்டோம் என்று யாரும் காட்டவில்லை. பெருக்கலில் விடையைத் தேடுகிறோம். வகுத்தலில் அந்தப் பெருக்கல் விடை கையில் இருக்கிறது, பெருக்கிய எண்ணைத் தேடுகிறோம். இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தியதில் எங்கள் மேலும் தப்பு உண்டு.

இங்கே பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், கட்டுக்கு 25. பலகையில் 200 ÷ 25 எழுதினால் ஒரு பெண் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். "பாப்பா, 200 பீடி எத்தனை கட்டு?"

"எட்டு சார்."

"எப்படி?"

"நாலு கட்டு நூறு. இன்னொரு நூறுக்கு நாலு."

அவள் சொன்னதை 25 × 8 = 200 என்று எழுதி, பக்கத்திலேயே 200 ÷ 25 = 8 எழுதினேன். "ரெண்டும் ஒண்ணுதானா சார்?" என்றாள்.

தயவுசெய்து 'வகு, பெருக்கு, கழி, இறக்கு' மந்திரத்தை எடுத்த எடுப்பில் ஆரம்பிக்காதீர்கள். 612-ல் நூறு ஆறு 600, மீதி 12-ல் இரண்டு ஆறு, ஆக 102 என்று யோசிக்கிற பிள்ளை நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை விடாது. வாய்ப்பாட்டை வரிசையாகக் கேட்காதீர்கள், 7 × ? = 56 என்று குறுக்கே கேளுங்கள். மீதி வந்தால் 58 = 7 × 8 + 2 என்று எழுதச் சொல்லுங்கள். 5-ஐ 0-ஆல் ஏன் வகுக்க முடியாது என்று கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். எதை 0-ஆல் பெருக்கினால் 5 வரும் என்று அதுவே தேடட்டும்.

அந்தப் பையனுக்கு நாளைக்கு 824 ÷ 8 கொடுக்கப் போகிறேன். அம்மா, இன்றைக்கு ராத்திரி அவனைப் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். 800-ல் எத்தனை எட்டு என்று மட்டும் கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.