அகச்சுரப்புக் குலைப்பி

இலங்கை மலையகத்தில் புல்லுக்கு அடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. அதையே யாராவது குடித்துவிட்டால் மட்டும் அது நஞ்சாகிவிடுகிறது. இந்த இரண்டு பெயருக்குள்ளும் அடங்காத ஒரு தன்மை சில இரசாயனங்களுக்கு உண்டு. மிகச் சிறிய அளவில் உடலுக்குள் போய், ஆளைச் சாய்க்காமல், சுரப்பிகள் இரத்தத்தில் விடும் ஓமோன்கள் (ஹார்மோன்கள்) செய்யும் வேலையை மாற்றிவிடும் தன்மை அது. அத்தன்மை உள்ள பொருளே அகச்சுரப்புக் குலைப்பி; ஆங்கிலத்தில் எண்டோகிரைன் டிஸ்ரப்டர்.

ஓமோன் என்ற சொல்லை 1905இல் லண்டனில் ஆற்றிய விரிவுரையில் உடலியலாளர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வினையே அதன் வேர்; ஆகவே தமிழ்நாட்டில் சிலர் ஆளும் 'இயக்குநீர்' மூலப் பொருளுக்கு நெருங்கியதே. எண்டோகிரைன் என்பதில் 'உள்ளே', 'பிரித்தெடு' என்னும் இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை நாளமில்லாச் சுரப்பி என்கின்றன. நம் பாடநூல்கள் அகஞ்சுரக்கும் சுரப்பி என்கின்றன, கான் இல்லாதது என்னும் பொருளில் கானில் சுரப்பி என்ற வழக்கும் உண்டு. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டியவருக்குக் கடைசிச் சொல்லை விளக்கத் தேவையில்லை என்றாலும், மூலத்தின் 'உள்ளே' என்பதைத் தாங்குவது 'அகம்' தான். எண்டோகிரைன் டிஸ்ரப்டர் என்ற முழுத்தொடர் பிறந்தது 1991 யூலையில்: அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், விங்ஸ்பிரெட் என்னுமிடத்தில், விலங்கியலாளர் தியோ கோல்போர்ன் முன்னின்று கூட்டிய ஆய்வாளர் கூட்டத்தில் அது உருவானது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறை இறுக்கமானது. வெளியிலிருந்து வரும் பொருள் அகச்சுரப்புத் தொகுதியின் செயலை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தின் விளைவாகவே உயிருக்கோ அதன் சந்ததிக்கோ கூட்டத்துக்கோ தீங்கு நேர வேண்டும். 'ஓமோன் நஞ்சு' என்ற பெயர் பொருந்தாமற்போவது இதனால்தான். காலையில் தோட்டத் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களை மலைமலையாகப் பிரித்து அனுப்பும்போது, அவர் குரலிலேயே இன்னொருவர் கூப்பிட்டு வேறு மலைக்கு அனுப்பினாலும், அவர் சொல்வது காதில் விழாமல் குறுக்கே நின்றாலும், அவரையே வரவிடாமல் செய்தாலும் அன்றைய வேலை கெடும், யாருக்கும் அடிபட்டிருக்காது. ஓமோனின் வேலையை இப்பொருள்கள் கெடுப்பதும் இப்படித்தான். 'தடுப்பி' என்றால் இரண்டாவது மட்டும் அடங்கும், 'போலி ஓமோன்' என்றால் முதலாவது மட்டும். சீர்குலைவு, நிலைகுலைவு என்று நாம் அன்றாடம் ஆளும் 'குலை' மூன்றையும் தாங்குகிறது.

விலங்குகளில் கண்ட சான்றுகள்தான் இத்துறையைத் தொடக்கி வைத்தன. 1980இல் புளோரிடாவின் அப்போப்கா ஏரியில், அருகிலிருந்த இரசாயன ஆலையிலிருந்து டைகோபோல், டி.டி.டி. (DDT) என்னும் பூச்சி மருந்துகள் கலந்தன. அதன்பின் அந்த ஏரியின் முதலைகள் குறைந்தன. முட்டைகள் பல பொரிக்கவில்லை. இளம் ஆண் முதலைகளின் ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோன் தாழ்ந்து, ஆணுறுப்பும் சிறுத்திருந்ததை உயிரியலாளர் லூயி கில்லட்டும் அவர் குழுவினரும் பதிவு செய்தனர். டைகோபோல் நமக்கு அந்நியமான பெயரன்று. தேயிலையில் சிற்றுண்ணியைக் கொல்லவும் உலகில் பயன்பட்ட மருந்து அது, நீடித்து நிற்கும் நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் ஒழிப்புப் பட்டியலில் 2019இல் தான் சேர்ந்தது. அளவைப் பொறுத்தவரை கனடாவின் ஒன்ராறியோவில் நடந்த சோதனையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2001 முதல் 2003 வரை கோடைகளில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஓமோனை ஓர் ஏரியில் லீற்றருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களின் உடலில் பெண்மீனுக்கே உரிய முட்டைக்கரு புரதம் ஊறியது; ஒரு சிறுமீனினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது.

மனிதரில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று சூழல் மாசு அன்று, ஒரு மருந்து. 1938இல் உருவாக்கப்பட்ட டையெதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். தாய்மாருக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. வயிற்றிலிருந்த பெண்பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களில் சிலருக்கு அரிதான யோனிப் புற்றுநோய் கண்டது 1971இல் வெளிப்பட்டது. எவ்வளவு பட்டது என்பதைப் போலவே எந்தப் பருவத்தில் பட்டது என்பதும் முக்கியம். வெறும் மருந்துக் கேனைக் கழுவிவிட்டு அதிலேயே குடிக்கப் பீலித் தண்ணீர் பிடிக்கும் வீட்டில், முதலில் கவனிக்க வேண்டியவர் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்.

தடைசெய்த மருந்தெல்லாம் குலைப்பி ஆகிவிடாது. இலங்கை 1998இல் எண்டோசல்பான் என்னும் பூச்சி மருந்தைத் தடைசெய்தது, அதைக் குடித்து இறந்தவர்களின் தொகையால். கிளைபோசேட் என்னும் புல் மருந்துக்கு 2015இல் வந்த தடைக்குக் காட்டிய காரணம் வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்ந்தது. கிளைபோசேட் ஓமோனைக் குலைப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் முடிவு கூறியது. எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. அதைக் குலைப்பி என்று அடித்து எழுதுபவர், சொல்லின் பொருளை மீறி எழுதுகிறார்.

எழுதும்போது பொருளைக் குலைப்பி என்றும், அதனால் உடலில் நேர்வதை அகச்சுரப்புக் குலைவு என்றும் பிரித்து ஆளலாம். பேச்சில் 'ஓமோன் குலைப்பி' போதும்.