பைக்ல ஆல்டரேஷன் பண்ணிருக்கீங்களா? கிளைம் எங்க மாட்டும்னு பாத்துக்கோங்க

இன்சூரன்ஸ் ரினியூவல் பண்றப்ப உங்க பைக்ல என்ன மாத்திருக்கீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. போன்ல நாலு தட்டு தட்டுனா பணம் போயிடும், பாலிசி வந்துடும். கேள்வி எப்ப வரும்னா, வண்டி அடிபட்டு ஒர்க்‌ஷாப்ல கிடக்கும்போது சர்வேயர், அதாவது சேதத்த மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற ஆளு, வந்து சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்துட்டு அப்படியே குனிஞ்சு "இது கம்பெனி சைலன்சர் இல்லையே சார்"னு இழுப்பாரு பாருங்க, அப்பதான். வருஷா வருஷம் பிரீமியம் வாங்குறப்ப இந்த அக்கறை எங்க போச்சுன்னு தெரியல. நல்ல பசங்க நிறைய பேர் இப்படி முழிச்சிக்கிட்டு நிக்கிறத பாத்து எரிச்சலாகித்தான் இதை எழுதுறேன்.

சட்டத்த சுருக்கமா சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் ஒத்து வராத மாதிரி வண்டிய மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம்.

இப்ப இன்சூரன்ஸுக்கு வருவோம். உங்க வண்டி இடிச்சு அடுத்தவருக்கு அடிபட்டா, அதான் தேர்ட் பார்ட்டி, சைலன்சர் மாத்திருக்காருன்னு சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி லேசுல தப்பிக்க முடியாது. ஆனா அவருக்கு கட்டிட்டு அந்தப் பணத்த உங்ககிட்ட வசூல் பண்ணப் பாக்கலாம், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. உண்மையான தகராறு வர்றது ஓன் டேமேஜ்ல, அதாவது உங்க வண்டிக்கே ஆன சேதத்துல.

எல்லா மாற்றமும் ஒண்ணு இல்ல. மொபைல் ஹோல்டர், சீட் கவருக்கெல்லாம் யாரும் கிளைம தள்ள மாட்டாங்க, அதிகபட்சம் அந்த சாமானுக்கு காசு தர மாட்டாங்க, அவ்வளவுதான். வெளிய வாங்கி மாட்டுன எலக்ட்ரிக்கல் சாமானுக்கு கவர் வேணும்னா அதோட மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசில ஏத்தணும்ங்கிறது பழைய டாரிஃப்லயே, அதாவது பிரீமியம் கட்டண விதிகள்லயே, இருக்கு. கலர் மாத்துனீங்கன்னா அது ஆர்.சி.லயும் மாறணும், ஏன்னா கலர் அதுல அச்சடிச்சே இருக்கு. அனுமதி இல்லாம இன்ஜின மாத்துறது, சேஸிஸ வெட்டி ஒட்டுறது, இதுல கை வெச்சா கிளைம மறந்துடுங்க. எக்ஸ்ட்ரா லைட்டுக்காக ஒரிஜினல் வயரிங்க வெட்டி டேப் சுத்தி வெச்சிருக்கறதும் ஆபத்து, வண்டி தீப்பிடிச்சா சர்வேயர் முதல்ல தேடுறதே அந்த டேப்பத்தான்.

அலைக்கழிப்பு எங்கன்னா, பாலிசில ஏத்துங்கன்னு போனா ஆர்.சி.ல ஏத்திட்டு வாங்கன்னுவாங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனா வண்டி கம்பெனி லெட்டர் கொண்டாம்பாங்க, டீலர்கிட்ட கேட்டா அதெல்லாம் நாங்க தர்றதில்ல சார்னு முடிச்சிடுவாரு. மூணு கவுன்ட்டரும் சுத்தியாச்சு, கையில ஒரு பேப்பர் இருக்காது. இப்படி பேப்பரே கிடைக்காத மாற்றம்னா அதை பண்ணாதீங்க, பண்ணிட்டா கழட்டிடுங்க. பேப்பர் கிடைக்கிற மாற்றம்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு என்டார்ஸ்மென்ட், அதாவது அந்த மாற்றத்த பாலிசில ஏத்துன பேப்பர், வாங்குங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நான் பாத்துக்கறேன்"னு ஏஜென்ட் சொன்னது எங்கயும் செல்லாது, கிளைம் அன்னிக்கு அவர் போனையே எடுக்க மாட்டாரு.

ஆக்சிடென்ட் ஆயிடுச்சா, சர்வேயர் வர்றதுக்குள்ள பழைய சைலன்சர தேடி மாட்டுற வேலையெல்லாம் வேணாம். ஸ்பாட் போட்டோ, போலீஸ் போட்டோ எங்கயாவது இருக்கும், மாட்டுனா அது மோசடி, அப்புறம் வாயே திறக்க முடியாது. கிளைம் ஃபார்ம்ல எதுவும் எழுதாம வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்காதீங்க. ஒர்க்‌ஷாப்ல அவங்களே எழுதிக்கறோம்பாங்க, அதுல "டயர் மாத்தினதால ஸ்லிப் ஆச்சு"ன்னு ஒரு வரி விழுந்தா கதை முடிஞ்சது. என்ன நடந்துச்சோ அதை மட்டும் நீங்களே எழுதுங்க, எழுதுனத போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ரிஜெக்ட் பண்ணா வாய்ல சொல்றத ஏத்துக்காதீங்க, காரணத்தோட எழுத்துல கேளுங்க, சர்வே ரிப்போர்ட் காப்பியும் கேளுங்க. நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இந்த மாற்றத்துக்கும் ஆன சேதத்துக்கும் என்ன சம்பந்தம்? சிக்னல்ல நிக்கிறப்ப பின்னாடி ஒரு லாரி இடிச்சா நீங்க மாத்துன ஹேண்டில்பார் என்ன பண்ணும்? வண்டி திருடு போனா சைலன்சரா திருடனுக்கு வழி காட்டுச்சு? 2008ல நிதின் கண்டேல்வால் கேஸ்ல, திருட்டுன்னு வரும்போது பாலிசி நிபந்தனை மீறினது பெருசா பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, 2010ல அமலேந்து சாஹூ கேஸ்ல கிளைம முழுசா தள்ள முடியாதுன்னு சொல்லுச்சு. ரெண்டுமே சொந்த வண்டிய வாடகைக்கு ஓட்டுன விவகாரம்தான், இருந்தாலும் முழுசா கைவிரிக்கிற கம்பெனிக்கு எழுதுற லெட்டர்ல இந்த ரெண்டையும் போடுங்க, பேச்சு மாறும்.

அந்த லெட்டருக்கு ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற அதிகாரிகிட்ட, போங்க. ஃபீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்ல, 50 லட்சம் வரைக்கும் அவங்க விசாரிக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள போடணும், "ஹெட் ஆபீஸ்ல பேசிட்டு இருக்கோம் சார்"னு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்றத நம்பி உக்காந்தா அந்த ஒரு வருஷம் அப்படியே ஓடிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. பழைய ஓனர் மாத்துனதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.ய கையில வெச்சுக்கிட்டு கலர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர வண்டியோட ஒத்துப் பாருங்க, வாங்குன 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க.