முதல் வரைவு தாளில், திருத்தம் திரையில்

கட்டுரை நோட்டைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? மதிப்பெண்ணைப் பார்க்கும், நோட்டை மூடும். திருத்திய இடத்தை மறுபடி எழுதிப் பார்ப்பதில்லை. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாக்கியத்தை மாற்ற மூன்று பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டுமென்றால் யாருக்கும் கை வராது. எழுத்துப் பயிற்சிக்குக் கணினியால் ஒரு நன்மை உண்டென்றால் அது இங்கேதான். வாக்கியத்தை நகர்த்தலாம், வெட்டலாம், பிடிக்கவில்லையென்றால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். அழகான எழுத்துரு, வண்ணத் தலைப்பு, படம் ஒட்டுவது எல்லாம் பாடவேளையைத் தின்னும் வேலைகள்.

நாற்பது பேருக்குப் பத்துக் கணினி என்று வைத்துக்கொள்வோம். முழுக் கட்டுரையையும் தட்டச்சு செய்யச் சொன்னால் 45 நிமிடமும் விசையைத் தேடுவதிலேயே போய்விடும். ஒரு பத்தி போதும், 60 முதல் 80 சொல். அதை முந்தின நாளே நோட்டில் எழுதி வரட்டும். நால்வர் குழுவில் அன்றைக்கு ஒருவருடைய பத்தியை மட்டும் எடுக்க வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்ட, மற்ற இருவர் கேள்வி கேட்கிறவர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை கடைசிவரை விசைப்பலகையை விடாது.

விசைப்பலகை என்றதும் பெரும்பாலானோர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டும் முறைக்குப் போய்விடுகிறார்கள். அவசரத்துக்கு அது சரி, எழுத்துப் பயிற்சிக்குச் சரியில்லை. ஆங்கில எழுத்தில் பாதிச் சொல்லைத் தட்டியதுமே கீழே பரிந்துரை வந்து நிற்கும். லகரமா ளகரமா என்று யோசிக்காமலே பிள்ளை முதலில் இருப்பதைத் தொட்டுவிடும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' வந்துவிடும், இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானே விழும். ங-க, ஞ-ச, ந-த போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக 'மமதை' என்று அடிக்க, நடுவில் ஓர் அகரம் தட்ட வேண்டும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் 'கணினி தப்பா அடிக்குது மிஸ்' என்று பத்துக் குரல் எழும். உயிர்மெய் என்றால் மெய்யும் உயிரும் சேர்ந்தது என்ற இலக்கணத்தை விரல் தானாகக் கற்றுக்கொள்வது இந்த முறையில்தான்.

இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை உண்டு. 'கௌரவம்' என்பதில் வருவது ஔகாரக் குறி. பிள்ளைகள் எகரக் குறியும் ளகரமும் சேர்த்து 'கெளரவம்' என்று அடித்துவிடுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 'கௌரவம்' என்று தேடினால் தப்பாக அடித்தது சிக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை எடுத்துவந்து ஒட்டினாலும் வம்புதான், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். எல்லாக் கணினியிலும் யூனிகோடு (எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறிமுறை) மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பத்தி திரைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. இணையத்திலேயே எழுதித் திருத்தும் கூகுள் டாக்ஸில் ஓரக் குறிப்பு இடலாம். இணையம் இல்லாத ஆய்வகத்தில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருள் போதும், எடிட் மெனுவில் டிராக் சேஞ்சஸை இயக்கிவிட்டால் வெட்டியதும் சேர்த்ததும் நிறத்தில் தெரியும். ஆனால் ஓரக் குறிப்பில் 'நன்று', 'விரிவாக எழுதுக' என்று போடுவதானால் சிவப்பு மையே போதும். ஒரு மாதிரிப் பத்தியைப் பாருங்கள்:

"எங்கள் ஊரில் ஒரு குளம் உள்ளது. அது மிகவும் பெரியது. அது மிகவும் அழகாக இருக்கும். குளத்தை நாம் பாதுகாக்க வேண்டும்."

பிழை ஒன்றும் இல்லை, சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இதற்குக் கேள்விகளாகக் குறிப்பு எழுத வேண்டும். பெரியது என்றால் ஒரு சுற்று நடக்க எவ்வளவு நேரம்? படித்துறை இருக்கிறதா, எத்தனை படி? இப்போது தண்ணீர் எந்தப் படியில்? கேள்விக்குப் பதில் எழுதி, பழைய வாக்கியங்களை நீக்கினால் பத்தி இப்படி மாறும்:

"எங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி நடக்கக் கால் மணி நேரம் ஆகும். படித்துறையில் பதினாறு படிகள். மேலிருந்து ஒன்பதாவது படியில் தண்ணீர் தொடங்குகிறது. அதற்குக் கீழே பாசி வழுக்கும் என்று சின்னப் பிள்ளைகளை இறங்க விடமாட்டார்கள்."

பாதுகாக்க வேண்டும் என்ற வாக்கியம் தானாகவே உதிர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இன்னும் எளிய இரண்டு உத்திகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு என்டர் தட்டச் சொல்லுங்கள். வாக்கியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது நான்கு வரி 'அது' என்று தொடங்குவதும், எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதும் பளிச்சென்று தெரியும். பிறகு கன்ட்ரோல்-எஃப் போட்டு 'மிகவும்', 'உள்ளது', 'ஆகும்' மூன்றையும் தேட வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்துப் பிள்ளைகளே சிரிப்பார்கள். பாதியைக் குறைப்பதுதான் அன்றைய வேலை.

பிழைதிருத்திகளை நம்பிவிடக் கூடாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் நல்ல உதவி. ஆனால் பனி-பணி, கரை-கறை, ஒலி-ஒளி எல்லாமே சரியான சொற்கள். இடம் மாறி வந்தால் பல நேரம் கருவி பேசாமல் இருக்கும். ஒற்று இன்னும் சிக்கல். 'கீரைக்கடை' என்றால் கீரை விற்கும் கடை; 'கீரை கடை' என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்வது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்று நூற்பாவாகச் சொன்னதைவிட, கருவி எது சொல்கிறது, நீ எதை நினைத்து எழுதினாய் என்று கேட்டால் விதி சட்டென்று விளங்கும். ஆகவே திருத்தியை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் திறக்கவும், அதன் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏற்கிறேன், மறுக்கிறேன், காரணம் என்று நோட்டில் ஒரு வரி எழுதவும் சொல்லலாம்.

எழுதவே தயங்கும் பிள்ளைக்குக் குரல்வழித் தட்டச்சு நல்ல ஊன்றுகோல். வாய் பேசும், எழுத வராது என்ற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. குரோமில் டாக்ஸைத் திறந்து குரல் மொழியைத் தமிழாக வைத்தால் சொல்வது எழுத்தாகும். பேச்சுத் தமிழ் அப்படியே விழும், முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். அதுவே பயிற்சி. எங்கே நிறுத்துவது, 'போயிட்டு' என்பதை எப்படி எழுதுவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். பத்துக் குழுவும் ஒரே அறையில் பேசினால் எதுவும் நடக்காது, வராந்தாவில் ஒவ்வொருவராக.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. டாக்ஸின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் முழுப் பத்தியும் ஒரே நொடியில் ஒட்டப்பட்டதா, தட்டித் தட்டி வளர்ந்ததா என்று ஓரளவு தெரியும். ஆனால் பள்ளியின் கூகுள் கணக்கு ஒன்றையே எல்லாரும் பயன்படுத்தினால் யார் எழுதியது என்பது தெரியாது. இதைவிட நல்ல வழி, ஆசிரியரே இயந்திரத்திடம் ஒரு பத்தி வாங்கித் திரையில் போட்டு வகுப்பையே திருத்தச் சொல்வது. 'முக்கியப் பங்கு வகிக்கிறது' எத்தனை முறை? மேற்கோள் காட்டிய குறள் உண்மையில் உண்டா? வள்ளுவர் எழுதாத குறளை எண் போட்டுத் தருவது அதற்குக் கைவந்த கலை. புத்தகத்தைப் புரட்டி அதை மாட்டிவிடுவதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

பொதுத்தேர்வு இன்னும் தாளில்தான். அதனால் திருத்திய பத்தியைத் திரையைப் பார்க்காமல் நோட்டில் ஒருமுறை எழுத வேண்டும். திரையில் மறைந்த பிழைகளில் சில அப்போது திரும்பி வரும். அவற்றை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தால், அடுத்த வாரச் சொல்வதெழுதுதலுக்கு வேறு சொற்பட்டியல் தேட வேண்டியதில்லை.