உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் உயரம்

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய எங்கள் அம்மாச்சி, சம்பள நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "துரை உக்காந்திருப்பாருடா. நாங்க நின்னுக்கிட்டு இருப்போம். ஆனாலும் அவருதான் ஒசரம்." துரை என்றால் தோட்டத்து மேனேஜர். சின்ன வயதில் இதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். போன கோடையில் குமுளி வழியாக மேலே போய், துரை சம்பளம் போட உட்கார்ந்த, இப்போது ஆளில்லாமல் கிடக்கும் பங்களா வராந்தாவை டேப் வைத்து அளந்தேன். முற்றத்து மண்ணிலிருந்து வராந்தாத் தரை 2 அடி. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் அதற்கு மேல் சுமார் 4 அடி. ஆக மொத்தம் 6 அடி. அம்மாச்சியின் முழு உயரமே 5 அடிக்குள்தான். அவர் சொன்னது அப்படியே உண்மை.

சினிமாவில் ஏழை பணக்காரரை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கேட்டால் கார், நகை, கிழிந்த சட்டை என்றுதான் முதலில் தோன்றும். அதெல்லாம் மேலோட்டம். கண்ணுக்குப் படாமல் வேலை செய்வது அந்த வராந்தாக் கணக்குதான்.

கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் படத்தின் அடிவானக் கோடும் விழும். சமதளத்தில் கேமராவைவிடக் குட்டையானவர் முழுதாக அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பார். அவர் தலைக்குப் பின்னால் மண்ணும் தேயிலைச் செடியும்தான் தெரியும். முற்றத்திலிருந்து துரையை எடுத்தால் அவர் தலைக்குப் பின்னால் உத்தரமும் ஓட்டுக் கூரையும் வரும். ஒருவருக்கு மண், இன்னொருவருக்குக் கூரை. வசனமே வேண்டாம்.

இதைச் சோதித்துப் பார்க்க அதே வராந்தாவில் நான் உட்கார்ந்து, மாமா மகளை முற்றத்தில் நிற்க வைத்து, என் கண் உயரத்திலிருந்து செல்போனில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து காட்டியதும் அத்தை கேட்டார்: "இவ ஏன் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறா?" அவள் குனியவே இல்லை, நேராகத்தான் பார்த்தாள். மேலிருந்து எடுக்கும்போது நெற்றி பெரிதாகி, தாடை சுருங்கிப் பின்வாங்கும். நம் மூளை அதைக் குனிந்த தலையாகவே வாசித்துவிடுகிறது. நிமிர்ந்து நிற்பவரைக்கூட 2 அடி மேடு பணிய வைத்துவிடுகிறது.

அதற்காகக் கீழிருந்து எடுத்தால் எப்போதும் பெருமை, மேலிருந்து எடுத்தால் எப்போதும் சிறுமை என்று வாய்ப்பாடு போட்டுவிட முடியாது. 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் கேமராவைத் தாழ வைப்பதற்காகத் தரையையே பெயர்த்துப் பள்ளம் தோண்டினார்கள். கூரை தெரிய வேண்டுமென்று மேலே மஸ்லின் துணியைக் கட்டினார்கள். அந்தக் கோணத்தில் வருவது தேர்தலில் தோற்றுப்போன பணக்காரர். உருவம் மலைபோல் இருக்கிறது, நெருங்கிய நண்பரும் விலகிப் போகிறார். கோணம் உருவத்தைப் பெரிதாக்கும்; அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் கதைதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது தூரம். இரண்டு பேர் 2 மீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். கேமரா முன்னவருக்கு 1 மீட்டரில் இருந்தால் பின்னவருக்கு 3 மீட்டர். பின்னால் நிற்பவர் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுவார். அதே கேமராவை முன்னவரிடமிருந்து 10 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தால் 10-க்கு 12. இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பங்களா ஹாலைக் கிட்டத்திலிருந்து, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் எடுத்தால் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மைதானமே இருப்பதுபோலத் தோன்றும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைத் தூரத்திலிருந்து, கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் பத்து வீட்டு வாசலும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இடம் உள்ளவர், இடம் இல்லாதவர் என்பதை இப்படியும் காட்டலாம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று: பிரேமுக்குள் யார் முகம் இருக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாஸிட்டர் 1980-களிலிருந்து இதைச் சோதித்தார். போலீஸ் விசாரணையில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஒரே பேச்சு, மூன்று கோணத்தில் பதிவு: சந்தேக நபர் மட்டும், விசாரிப்பவர் மட்டும், இருவரும் சமமாக. சந்தேக நபரை மட்டும் பார்த்தவர்கள்தான் 'இவர் தானாக, மனமுவந்து சொல்கிறார்' என்று அதிகமாக நம்பினார்கள். கண்ணில் படுகிறவரையே காரணமாக்கிவிடுவது மனித மூளையின் பழக்கம். நியூசிலாந்து போலீஸ் இருவரையும் ஒரே சட்டகத்தில் பதிவு செய்யும் முறைக்கு வந்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கவலைதான்.

இப்போது சம்பள நாளுக்கு வாருங்கள். அரை நாள் கூலியை ஏன் பிடித்தீர்கள் என்று ஒரு பெண் கேட்கிறாள். அவள் முகம் மட்டும் திரையில் இருந்தால், அவள் எவ்வளவு அழுதாலும், 'ஏன் லேட்டா வந்தா?' என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எங்கோ ஓரத்தில் முளைக்கும். இருவரையும் ஒரே பிரேமில் வைத்தால் அவள் கையும் அவர் பேனாவும் சேர்ந்தே தெரியும். பிடித்தம் என்பது இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற காரியமாகிவிடும். இன்னும் ஒரு படி போய், அவள் குரலை மட்டும் கேட்கவிட்டு, துரை பதிவேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதைக் காட்டினால்? லாஸிட்டரின் சோதனையை நான் நீட்டிப் பார்ப்பது இப்படித்தான்: பொறுப்பு அந்தப் பேனாவின் மேல் போய் உட்காரும். ஏழைகளைப் பற்றி நல்லெண்ணத்தோடு எடுக்கப்படும் பல படங்கள் அழும் முகத்தை நெருங்கி நெருங்கிப் போகின்றன. கூலியைப் பிடித்தவரைச் சட்டகத்துக்கு வெளியே தப்ப விட்டுவிடுகின்றன. எனக்கு அது ஆறாத வருத்தம்.

உட்காருவதும் நிற்பதும் எவ்வளவு கனமான விஷயம் என்பதை மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) ஒரு நாற்காலியை வைத்தே பேசியது. அங்கே பிரச்சினை சாதி. எங்கள் மலையில் சாதியையும் கூலியையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடிந்ததில்லை.

வெளிச்சத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் ஒளி மென்மையாக முகத்தைச் சுற்றி விழும். ஒற்றை பல்பு சின்னதாக இருப்பதால் நிழலைக் கத்திபோல் வெட்டும். 1 மீட்டரில் கிடைக்கும் வெளிச்சம் 2 மீட்டரில் கால்பங்கு, 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. லயத்து மூலைகள் இருண்டு கிடப்பது இதனால்தான். சத்தம் இன்னும் நுட்பமானது. கனமில்லாத சுவர் கீழ்ச்சுருதியை எளிதாக உள்ளே விடும், மேல்சுருதியைத் தடுக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை வார்த்தை புரியாத உறுமலாக வந்து சேரும். நல்ல ஒலிப்பதிவாளர் அந்த உறுமலை லேசாகச் சேர்த்தால் போதும், சுவரைக் காட்டவே வேண்டாம். அமைதிகூட வசதி உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

அப்புறம் மலை, மழை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1963-லேயே யோகோஹாமாவில் மேட்டு வீட்டையும் அதை அண்ணாந்து பார்க்கும் குடிசைகளையும் வைத்து ஒரு படம் எடுத்தார். அதன் ஜப்பானியத் தலைப்புக்குச் 'சொர்க்கமும் நரகமும்' என்று பொருள். பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தில் ஏழைக் குடும்பம் கொட்டும் மழையில் படி படியாக இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் கூடவே இறங்கும். மேலே சிறுவன் புல்வெளியில் கூடாரம் போட்டு விளையாடும் அதே மழை, கீழே பாதி நிலத்தடியில் இருக்கும் வீட்டை மூழ்கடிக்கும். எங்களுக்கு அந்தக் காட்சி வெறும் உருவகமாகத் தோன்றவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். மண்ணும் தண்ணீரும் சரிவில்தான் ஓடும். யார் வீடு எந்தச் சரிவின் அடியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.

இதை எழுதும் தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. இந்தப் பக்கம் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் டிரோனைத்தான் பறக்க விடுகிறார்கள். பனி, வளைந்து வளைந்து போகும் ரோடு, நடுவே எறும்புபோல ஒரு ஜீப். அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே எத்தனை பெண்கள் என்று எண்ண முடியாது.

ஜீப்பில் ஏறும் மாமா மகளிடம் செல்போனைக் கொடுத்து, மடியில் வைத்தபடியே எடுத்து வரச் சொன்னேன். அதில் மலை தெரியவில்லை; தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகும், தோளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கீற்று வானமும்தான். என்ஜின் இரைச்சல் பேச்சைப் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. "கொஞ்சம் தள்ளி உக்காருக்கா" என்பது மட்டும் ஒருமுறை தெளிவாகக் கேட்கிறது. வளைவு வரும்போது எல்லாத் தோள்களும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்கின்றன. யாருடைய காலடியிலோ இருக்கும் தூக்குவாளியின் மூடி ஒவ்வொரு திருப்பத்திலும் டக்கென்று ஒருமுறை தட்டுகிறது.