கடல் பறவையைக் கடலில் எறியாதீர்கள்

ஆனி, ஆடிக் காற்று வந்தால் இதே கதைதான். முட்டத்திலோ குளச்சலிலோ ஒரு பெரிய பறவை கரையில் துவண்டு கிடக்கும், நல்ல மனசுள்ள நாலு பேர் தூக்கி அலைக்கு அப்பால் எறிவார்கள், அது திரும்பக் கரையில் ஒதுங்கும், மறுபடி எறிவார்கள். அதற்கப்புறம்தான் கால்நடை மருத்துவரான என் ஞாபகம் வரும். போன வாரம் வந்த பறவைக்கு நெஞ்சில் சதையே இல்லை, நடு எலும்பு கத்தி விளிம்பு மாதிரி கையில் தட்டியது. "கடல் பறவைதானே டாக்டரே, தண்ணியில விட்டா போயிரும்லா?"

போகாது. கடல் பறவை எல்லாம் வாத்து மாதிரி மிதக்கும் என்று யார் சொன்னது? சூட்டி டெர்ன் என்கிற கருமுதுகு ஆலா ஆண்டுக்கணக்கில் கடலுக்கு மேலேயே பறந்து திரியும், ஆனால் தண்ணீரில் உட்காராது, உட்கார்ந்தால் இறகு ஊறிவிடும். பூபி என்கிற பெரிய கடல் பறவை மிதக்கும், சரி, ஆனால் தெம்பாக இருக்கும்போது. காற்றில் அலைக்கழிந்து பட்டினியோடு கரைக்கு வந்ததைத் திருப்பி எறிவது, ஐசியூ நோயாளியை வள்ளத்தில் ஏற்றித் தொழிலுக்கு அனுப்புவதற்குச் சமம்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, நேரே நுரையீரலுக்குப் போகும். மீனும் வேண்டாம். கொத்தும் என்று பூபியின் அலகில் ரப்பர் பேண்ட் போடவே கூடாது. அதற்கு வெளி மூக்குத் துவாரம் கிடையாது, வாயோரமாகத்தான் மூச்சு விடும். கட்டினால் வழியிலேயே செத்துவிடும். கையுறை, மாஸ்க் போட்டு, துண்டால் மூடி, முகத்துக்கு எட்டத்தில் பிடித்து (கண்ணைக் குறிபார்க்கும்!) ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இருட்டும் அமைதியும் போதும். செல்ஃபிக்குச் சிறகை விரிக்காதீர்கள். உடனே வனத்துறையைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குளிர்காலத்தில் பறவை பார்க்க மணக்குடிக் கழிமுகத்துக்குக் கேமராவோடு வருகிறவர்களே, உங்களுக்கும்தான். ஒற்றைக் காலில் நிற்கிற உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவைக்குக் கால் ஒடியவில்லை, அது ஓய்வெடுக்கிறது. சந்தேகமாக இருந்தால் தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள், மற்றக் காலை இறக்கும். துரத்திப் பார்க்காதீர்கள், மத்திய ஆசியா வரை திரும்பிப் போக அதற்குக் கொழுப்பு சேர வேண்டும்.

அப்புறம், காலில் வளையம் இருந்தால் உளவுப் பறவை என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஆராய்ச்சியாளர்கள் மாட்டியது அது. கழற்றாமல், எண் தெரியப் படம் எடுத்து வனத்துறையிடம் கொடுங்கள்.