கால் தரையில் எட்டுவதா சீட்டின் அளவு?

தஞ்சாவூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், விடியற்காலையில் திருவையாறு வழியாகக் கல்லணை வரை சைக்கிள் ஓட்டிச் சென்று திரும்புவோர் முழங்கால் வலியோடு வருவதுண்டு. மறுமுறை வரும்போது சைக்கிளையும் கொண்டுவாருங்கள் என்று அவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.

பெரும்பாலும் சீட் தாழ்ந்தே இருக்கிறது. வாங்கும்போதே, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். நிற்பதற்கு வசதியான அந்த உயரம் மிதிப்பதற்கு ஏற்றதாக இருப்பதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குவதால் முட்டிச்சில்லு தொடையெலும்பின்மேல் அழுந்தி, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. நம் டெல்டாவின் சமவெளியில் இறக்கத்தில் மிதிக்காமல் இளைப்பாறவோ, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவோ வாய்ப்பில்லாமல், ஒரே இருப்பில் மணிக்கணக்காக மிதிக்கிறோம். நிமிடத்துக்கு 70 சுற்று என்றாலும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடங்கி நீள்கிறது.

அளவு பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால், கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்காலில் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை வளைவு தானே அமையும். குதிகாலை எட்டவைக்க இடுப்பு சாய்ந்தால் சீட் உயர்ந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் முட்டியின் பின்பக்கம் வலிக்கும். பல ஆண்டுகள் தாழ்த்தி ஓட்டியவர்கள் ஒருமுறைக்கு 5 மில்லிமீட்டர் ஏற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, அதன்பின் மேலும் ஏற்றலாம். ஆனால் சீட் கம்பியில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. இனி நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும். கைலி கட்டி ஓட்டும் பெரியவர்களுக்கு இது சிரமம்தான். அவர்களுக்கு ஒரு காலின் நுனி தரையைத் தொடும் உயரமே போதும் என்று விட்டுவிடுகிறேன்.

ஆடிக்காற்று வீசும் நாட்களில் கல்லணையை நோக்கி, அதாவது மேற்கே, எதிர்க்காற்றில் குனிந்து ஓட்டுவோருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதே காரணம். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தி, முழங்கை இலேசாக மடங்கியிருக்கும்படி பிடித்தால் பாரம் குறையும். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தாலும் உடல் முன்னுக்கு வழுக்கி எடை கைகளுக்கே போகும் என்பதால், சீட்டை மட்டமாக வைக்க வேண்டும். உட்காருமிடம் வலிக்கிறதென்று சீட்டுக்குத் தடிமனான பஞ்சு உறை மாட்டுவது நீண்ட பயணத்துக்கு உதவாது. உட்காரும்போது எடையைத் தாங்கும் இடுப்பெலும்பு அதில் புதைந்து, இடையிலுள்ள மென்தசையே அழுந்தும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் விரல் மரப்பு மறுநாள் வரை நீடித்தாலோ, முட்டி வீங்கினாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.