மாஸ்க் போட்டும் எப்படித் தொற்றியது?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் இருமலோடு என்னிடம் வருபவர்களில் சிலர் குறைப்பட்டுக்கொண்டே கேட்பது இது: "மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன் டாக்டர், அப்படியும் எப்படி வந்தது?" எந்த மாஸ்க், எங்கே போனீர்கள், எங்கே கழற்றினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மருந்துக்கடை நீல மாஸ்க், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், ஏ.சி. மண்டபம். தாலி கட்டும்வரை போட்டிருந்திருப்பார். பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே பாயசம்வரை சாப்பிட்டிருப்பார். இதில் மாஸ்க்கின் பிழை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இன்னொரு கூட்டம் உண்டு. வைரஸ் துணியின் துளையைவிடச் சிறியது, ஆகவே மாஸ்க்கால் பயனே இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்ததை என்னிடமே காட்டுவார்கள். கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 0.1 மைக்ரான்தான், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை, எச்சில் அல்லது சளியின் நுண்துளிக்குள் இருந்துகொண்டு வருகிறது. அதோடு, நல்ல மாஸ்க் சலித்துப் பிடிப்பதை மட்டும் நம்பி இயங்குவதும் இல்லை. தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் இழைகளுக்கு நடுவே காற்று வளைந்து வளைந்து போகும்போது, பெரிய துகள்கள் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி, அவையும் எங்காவது ஒட்டிக்கொள்கின்றன. பிடிக்கக் கடினமானவை நடுத்தரத்தில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகை மாஸ்க்கைச் சோதிப்பதே அந்த அளவில்தான். அதில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும்.

தலைசீவிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதுபோல, என்95-இன் நடு அடுக்கில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னூட்டம் துகள்களை இழுத்துக்கொள்கிறது. தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாயின் பங்களிப்பு இந்த மின்னூட்ட நுட்பத்தில் பெரியது. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் சானிடைசர் தெளித்தாலும் இந்த மின்னூட்டம் போய்விடும். மாஸ்க் பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், வேலை செய்யாது. துவைத்து, கொடியில் காயப்போட்ட என்95-ஐப் பெருமையாகக் காட்டுபவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

துணி எவ்வளவு வடிகட்டும் என்பது ஒரு பாதிதான். நாம் உள்ளிழுக்கும் காற்று எளிதான வழியைத் தேடும். மூக்கின் இருபுறமும் கன்னத்தோரமும் இடைவெளி இருந்தால், வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாக உள்ளே போய்விடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க வேறு கருவியே வேண்டாம். மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படிகிறதென்றால் மேல் ஓரம் திறந்திருக்கிறது. மூச்சு வெளியேறும் அதே வழியாகத்தான் அடுத்தவர் மூச்சும் உள்ளே வரும்.

பலர் மூக்குக் கம்பியை ஒரு கையின் இரண்டு விரல்களால் கிள்ளி விடுகிறார்கள். அப்படிக் கிள்ளினால் கம்பி நடுவில் மடங்கி, இருபுறமும் சின்னச் சின்ன இடுக்கு உண்டாகும். இரண்டு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் மூக்குத் தண்டின் மேல் வைத்து, கன்னம்வரை அழுத்திக்கொண்டே இறக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் மாஸ்க்கைப் பொத்தி வேகமாக ஊதிப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசியக் கூடாது. மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள், மாஸ்க் சற்றே உள்வாங்க வேண்டும். மருத்துவமனைப் பணியாளர்களுக்கு முறையாகச் சோதிப்பதென்றால், தலைக்கு மேல் ஓர் உறையைக் கவிழ்த்து அதற்குள் இனிப்பான அல்லது கசப்பான திரவத்தைத் தெளிப்பார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் அந்த மாஸ்க் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி வளர்த்த ஊழியர்களுக்கு இந்தச் சோதனையில் தேறுவது கடினம். தாடிமேல் எந்த என்95-உம் ஒட்டி நிற்காது.

நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கின் கதை வேறு. அறுவை சிகிச்சை செய்பவரின் எச்சில் நோயாளியின் காயத்தில் விழாமல் இருக்க வந்த பொருள் அது. அதனால்தான் ஓரங்கள் தளர்வாக இருக்கின்றன. காசநோய் வார்டில் நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கும் செவிலியருக்கு என்95-உம் கொடுக்கிறோம். ஒன்று வெளியே போவதைக் குறைக்க, மற்றொன்று உள்ளே வருவதைத் தடுக்க. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளின் வார்டுக் காற்றை கினிப்பன்றிகள் இருந்த அறைக்குச் செலுத்தினார்கள். நோயாளிகள் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்த நாட்களில் கினிப்பன்றிகளுக்குத் தொற்றுவது சுமார் 56 விழுக்காடு குறைந்தது. காசநோய் வைரஸ் அல்ல, பாக்டீரியாதான். ஆனாலும் காற்றில் பரவும் விதத்தைப் புரிந்துகொள்ள இது உதவும். இருமல் வந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, நன்றாக இருமி முடித்து, மீண்டும் ஏற்றிக்கொள்பவர்களை அன்றாடம் பார்க்கிறேன். அந்த மாஸ்க்கை அவர் யாருக்காகப் போட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிவதே இல்லை.

துணி மாஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹனோய் நகர மருத்துவமனைப் பணியாளர்களிடையே நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் பயன்படுத்திய துணி மாஸ்க்குகள் வழியாகச் சோதனைத் துகள்களில் சுமார் 97 விழுக்காடு ஊடுருவின. சாதாரண மருத்துவ மாஸ்க்கில் அது 44 விழுக்காடு.

சரி, அணிந்தவருக்கு உண்மையில் எவ்வளவு பாதுகாப்பு? 2020-இல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் கொரோனா வந்தது. உறுதியாக எதுவும் சொல்ல முடியாத வேறுபாடு. ஆனால் சொன்னபடியே அணிந்ததாகக் கூறியவர்கள் பாதிக்கும் குறைவு. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடையே நடந்த ஆய்வில், மாஸ்க் அணிவோர் 13-இலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தபோது, அறிகுறியோடு கூடிய உறுதிப்பட்ட தொற்று சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் அது 35 விழுக்காடு குறைந்தது. 2024-இல் வெளியான நார்வே ஆய்வில், இரண்டு வாரம் பொது இடங்களில் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களில் 8.9 விழுக்காட்டினரும் அணியாதவர்களில் 12.2 விழுக்காட்டினரும் சளி, இருமல் போன்ற தொந்தரவு வந்ததாகத் தெரிவித்தார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மாஸ்க் பற்றிய தொகுப்பு 2023-இல் வெளியானபோது "மாஸ்க் வீண்" என்று செய்தி பரவியது. அப்படிப் பொருள்கொள்வது தவறு என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே பிறகு விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனைகளில் பல, மாஸ்க் அணியச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் அளக்கின்றன. ஒழுங்காக அணிந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. என் கணிப்பு இது: பொருத்தமாக அணிந்த என்95 அணிந்தவரை நன்றாகவே காக்கும், சர்ஜிக்கல் மாஸ்க் ஓரளவு காக்கும், மூக்குக்குக் கீழே தொங்கும் எதுவும் காக்காது.

எல்லோரும் எப்போதும் போட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஆரோக்கியமான ஒருவர் கடற்கரையில் நடக்கும்போதும், ஜன்னல் திறந்த, கூட்டமில்லாத பஸ்ஸில் போகும்போதும் அதற்கு அவசியமில்லை. புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், வயதானவர் ஆகியோர் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் உட்காரும் நேரம் முழுக்க என்95 அணியட்டும். ஊரில் காய்ச்சல் உள்ளவர்கள் எல்லாம் கூடும் அறை அதுதான். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குபவரை என்95-க்குள் திணிக்க வேண்டாம். நன்றாகப் பொருந்தும் சர்ஜிக்கல் மாஸ்க் போதும், அவரை வெளியே காற்றோட்டத்தில் உட்கார வைத்து முறை வந்ததும் அழைப்பது இன்னும் நல்லது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் மாட்டவே கூடாது.

என்95 வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் அருகே ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும் வகை நன்றாக இறுகும். நடுவில் வால்வு வைத்தது அணிந்தவருக்குச் சௌகரியம்தான், ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஜூலையில் அதைத் தவிர்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

ஒரு என்95-ஐ எத்தனை நாள் போடலாம் என்பது எப்போதும் வரும் கேள்வி. நாள் கணக்கைவிட அதன் நிலை முக்கியம். சில மணி நேரம் அணிந்ததைக் காகித உறையில் போட்டு உலரவிட்டு மீண்டும் அணியலாம். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் தங்கும். நனைந்தாலோ கசங்கினாலோ பட்டை தளர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள், நல்லதாக ஒன்றை மருத்துவமனைக்குப் போகும் நாட்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.